குடியிருந்தவர்கள் உருவாக்கிய பேட்டை



இன்று மாலை ஒரே ஒரு பேட்டையைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பெர்லின் நகரின் நடுவில், ஸ்பிரே ஆற்றின் தென்கரையை ஒட்டியிருக்கும் க்ரொய்ட்ஸ்பெர்க். ஐரோப்பாவுக்குப் போகும் நம் பிள்ளைகளில் பலர் அங்கே ஒரு நடை போய்விட்டுத்தான் திரும்புகிறார்கள். ஒரானியன் தெருவில் ஒரு காபிக் கடை, கால்வாய்க் கரையில் ஒரு மாலைப் பொழுது, நள்ளிரவுக்கு மேல் ஓர் இசைக்கூடம், விடியற்காலையில் துருக்கிக் கடையில் பருப்பு சூப். பார்க்கும் சுவரெல்லாம் வண்ண ஓவியம். படம் எடுத்து அனுப்புகிறார்கள், நாமும் பார்த்து மகிழ்கிறோம்.

நானும் போனேன், நடந்து திரிந்தேன், அந்த இடம் எனக்கு மிகவும் பிடித்துப் போனது. இதே பெர்லினில் இதைவிட அகலமான சாலைகளும் அழகான மாளிகைகளும் உள்ள பகுதிகள் எத்தனையோ உண்டு. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு உலகம் ஏன் இங்கே வந்து கூடுகிறது? ஊர் திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. படித்தும் கேட்டும் எனக்குக் கிடைத்த பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பேட்டையில் நாம் ரசிப்பதை எல்லாம் உருவாக்கியவர்கள் வாடகைக்குக் குடியிருந்தவர்கள். வேறெங்கும் வீடு கிடைக்காமல் வந்தவர்கள், வந்த பிறகு காலி செய்ய மறுத்தவர்கள். அவர்களால் அங்கே தொடர்ந்து குடியிருக்க முடியுமா என்பதுதான் அந்தப் பேட்டையின் உயிர்க் கேள்வி.

வீடுகளிலிருந்து தொடங்குகிறேன். 1862இல் ஜேம்ஸ் ஹோப்ரெக்ட் என்ற பொறியாளர் பெர்லின் விரிவாக்கத்துக்கு ஒரு திட்டம் வகுத்தார். தெருக்களை வரைந்தார், தெருக்களுக்கு இடையே கிடந்த பெரிய மனைகளில் எப்படிக் கட்டுவது என்பதைப் பெரும்பாலும் நில முதலாளிகளின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார். அவர்கள் இடத்தை வீணாக்காமல் கட்டினார்கள். தெருவைப் பார்த்து ஒரு முன்கட்டு. வண்டி நுழையும் உயரமான வளைவு வாயில் வழியாக உள்ளே போனால் ஒரு முற்றம், இரு புறமும் பக்கக் கட்டு, எதிரே பின்கட்டு. அதற்கும் அப்பால் இன்னொரு முற்றம், இன்னொரு கட்டு. ஐந்து தளம், 22 மீட்டர் உயரம். முற்றம் 5.34 மீட்டர் சதுரம் இருந்தால் போதும் என்பது அன்றைய விதி. தீயணைப்பு வண்டி உள்ளே வந்து திரும்ப அவ்வளவு வேண்டும் என்று கணக்கு. பின்கட்டில் குடியிருக்கும் குழந்தைக்கு எவ்வளவு வெயில் வேண்டும் என்று அந்த விதி கேட்கவில்லை.

முன்கட்டில் அதிகாரிகளும் கடை முதலாளிகளும் இருந்தார்கள். பின்கட்டில் தொழிலாளர் குடும்பங்கள். முற்றத்தில் தச்சுப் பட்டறை, அச்சகம், உலோகக் கூடம். கழிப்பறை மாடிப்படித் திருப்பத்தில், பல குடித்தனங்களுக்கும் பொதுவாக. வீடும் தொழிலும் ஒரே கூரைக்குக் கீழ் கிடந்த இந்தக் கலவைதான் க்ரொய்ட்ஸ்பெர்கின் அடித்தளம். உலகின் முதல் நிரல்வழிக் கணினிகளில் ஒன்றான இசட்3-ஐக் கொன்ராட் சூசே 1941இல் இயக்கிக் காட்டியதும் இந்தப் பேட்டையின் மெத்ஃபெசல் தெருவில்தான்.

இன்றும் அந்த வாயில்களில் ஒன்றில் நின்று அழைப்பு மணிப் பலகையைப் படித்துப் பாருங்கள். பித்தளையில் பொறித்த பெயர் ஒன்று, தாளில் எழுதி ஒட்டிய பெயர் ஒன்று. ஜெர்மன் பெயருக்குக் கீழே துருக்கிப் பெயர், அதற்குக் கீழே போலந்துப் பெயர், அரபுப் பெயர். ஒரு பல் மருத்துவர், ஒரு பியானோ ஆசிரியர், 'இரண்டாம் முற்றம், இடப்புறம்' என்ற குறிப்போடு ஒரு மிதிவண்டிப் பட்டறை. சிலவற்றில் ஒரு பெயரின் மேல் இன்னொரு பெயர் ஒட்டியிருக்கும், பழைய எழுத்து ஓரத்தில் எட்டிப் பார்க்கும். ஒரு நகரத்தின் வரலாற்றைப் படிக்க எனக்கு இதைவிட நல்ல ஏடு கிடைத்ததில்லை.

இந்தப் பெயர்கள் எப்படி இங்கே வந்து சேர்ந்தன?

1961 ஆகஸ்ட் 13ஆம் தேதி பெர்லின் சுவர் எழும்பியது. அதுவரை நகரின் நடுவில் இருந்த க்ரொய்ட்ஸ்பெர்கின் கிழக்குப் பகுதி ஒரே இரவில் மேற்கு பெர்லினின் கடைக்கோடி ஆனது, மூன்று பக்கமும் சுவர். கிழக்கிலிருந்து தினமும் வேலைக்கு வந்துகொண்டிருந்த தொழிலாளர்கள் நின்றுபோனார்கள். அதே ஆண்டு அக்டோபர் 30ஆம் தேதி மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஆள்சேர்ப்பு ஒப்பந்தம் போட்டது. அனடோலியாவிலிருந்து ஆண்களும் பெண்களும் மேற்கு பெர்லினின் தொழிற்சாலைகளுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அவர்களுக்கு வீடு கொடுத்தது யார்? அப்போது நகர நிர்வாகத்தின் கையில் ஒரு விரைவுச் சாலைத் திட்டம் இருந்தது. ஒரானியன் சதுக்கத்தின் குறுக்கே அது போவதாக ஏற்பாடு. வழியில் இருந்த பழைய கட்டடங்களை எல்லாம் இடித்துத் தள்ளுவது என்று முடிவாகியிருந்தது. இடிக்கப் போகும் வீட்டுக்கு எந்த முதலாளி செலவு செய்வார்? ஓடு மாற்றவில்லை, குழாய் பழுது பார்க்கவில்லை. நிலக்கரி அடுப்போடும் ஒழுகும் கூரையோடும் அந்த வீடுகளைக் குறுகிய கால ஒப்பந்தத்தில் துருக்கியத் தொழிலாளர்களுக்கு விட்டார்கள். இவர்கள் கேள்வி கேட்க மாட்டார்கள், சொன்ன தேதியில் காலி செய்வார்கள் என்று நம்பினார்கள். ஆள் நெருக்கம் கூடியதும் அரசு வேறொரு வழியை எடுத்தது. 1975 முதல், வெளிநாட்டவர் எவரும் புதிதாக க்ரொய்ட்ஸ்பெர்கில் குடியேறக் கூடாது என்று தடை விதித்தது. பாஸ்போர்ட்டிலேயே முத்திரை குத்தினார்கள். இன்று சுற்றுலாக் கையேடுகள் பெருமையோடு காட்டும் அந்தப் 'பல பண்பாட்டுப் பேட்டை'க்குள் வரக் கூடாது என்று அதே மனிதர்களைச் சட்டம் போட்டுத் தடுத்த காலம் அது.

இன்னொரு கூட்டமும் வந்தது. மேற்கு பெர்லினில் குடியிருந்தால் கட்டாய ராணுவ சேவை கிடையாது. அதனால் மேற்கு ஜெர்மனியின் ஊர்களிலிருந்து இளைஞர்கள் வந்தார்கள். மாணவர்கள், கலைஞர்கள், வீட்டோடு ஒத்துப்போகாதவர்கள். 1970இல் மூடப்பட்ட பெத்தானியன் மருத்துவமனையின் ஒரு கட்டடத்தில் 1971 டிசம்பரில் இளைஞர்கள் புகுந்து குடியேறினார்கள். நாவலாசிரியர் தியோடோர் ஃபொன்டானே ஒரு காலத்தில் மருந்தாளராக வேலை பார்த்த மருத்துவமனை அது. இடிப்பதற்காகக் காலியாகப் போட்டிருந்த வீடுகளில் புகுந்து, தாங்களே கூரை வேய்ந்து, குழாய் மாட்டி, சன்னல் பொருத்திக் குடியிருக்கும் இயக்கம் 1981இல் உச்சத்தைத் தொட்டது. மேற்கு பெர்லினில் 160 கட்டடங்கள் வரை இப்படிக் கைப்பற்றப்பட்டன, அவற்றில் ஏறத்தாழ பாதி க்ரொய்ட்ஸ்பெர்கில். சட்டத்தின் கண்ணில் அது அத்துமீறல்தான். ஆனால் அந்தக் கட்டடங்கள் இன்று நிற்பதற்கு அந்த அத்துமீறலே காரணம் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் வரலாறு கோணலாகிவிடும்.

இந்த இடத்தில் ஒருவரின் பெயரைச் சொல்ல வேண்டும். ஹார்ட்-வால்டர் ஹேமர். கட்டடக் கலைஞர். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதற்கு ஆகும் செலவில் பழையதைச் செப்பனிட்டுவிடலாம், குடியிருப்பவர்களை எழுப்பாமலேயே செய்துவிடலாம் என்று கணக்கோடு காட்டியவர். பெர்லினின் சர்வதேசக் கட்டடக் கண்காட்சியின் பழைய வீடுகள் பிரிவுக்கு அவர் பொறுப்பேற்றார். 1983இல் 12 கோட்பாடுகளை முன்வைத்தார். என்ன செய்வது என்பதைக் குடியிருப்பவர்களோடு சேர்ந்துதான் தீர்மானிக்க வேண்டும். கூரை, குழாய், கழிப்பறை போன்ற அவசர வேலைகள் முதலில், மற்றவை படிப்படியாக. இடிப்பது முடிந்தவரை குறைவு. வாடகையைத் தாங்க முடியாமல் ஒருவரும் வெளியேறக் கூடாது. இந்த அடிப்படையில் ஆயிரக்கணக்கான வீடுகள் செப்பனிடப்பட்டன. துருக்கியப் பாட்டி அதே வீட்டில் இருந்தார், கழிப்பறை மட்டும் வீட்டுக்குள் வந்தது. நகர்ப்புறக் கட்டடக்கலையில் 20ஆம் நூற்றாண்டின் மிக நாகரிகமான செயல்களில் ஒன்று இது என்பேன். உயரமான கோபுரம் எதையும் ஹேமர் விட்டுப் போகவில்லை. அதனால்தான் பயணிகள் யாருக்கும் அவர் பெயர் தெரியவில்லை.

இப்போது பெத்தானியனுக்குப் பக்கத்தில், தூய தாமஸ் தேவாலயத்தின் அருகே ஒரு தோட்டத்தை உங்களுக்குக் காட்ட வேண்டும். சுவர் கட்டியபோது செலவை மிச்சம் பிடிக்க கிழக்கு ஜெர்மனி ஒரு மூலையை வளைக்காமல் நேராகக் கட்டிவிட்டது. அதனால் கிழக்குக்குச் சொந்தமான ஒரு முக்கோண நிலம் சுவரின் மேற்குப் பக்கம் மாட்டிக்கொண்டது. மேற்குக்கு அதில் உரிமை இல்லை, கிழக்கு அங்கே வருவதில்லை. குப்பை கொட்டும் இடமாகக் கிடந்தது. 1980களின் தொடக்கத்தில், ஒஸ்மான் கலின் என்ற துருக்கியத் தொழிலாளி அந்தக் குப்பையை அள்ளிச் சுத்தம் செய்து வெங்காயமும் பூண்டும் போட்டார். ஒருநாள் கிழக்கு ஜெர்மனியின் எல்லைக் காவலர்கள் சுவர்க் கதவைத் திறந்துகொண்டு வந்தார்கள். உலகின் மிகக் கடுமையான எல்லைகளில் ஒன்றைக் காத்து நின்றவர்கள், வெங்காயப் பாத்தியைப் பார்த்தார்கள். அங்கேயே இருக்க விட்டுவிட்டார்கள். சுவரைவிட உயரமாக எதுவும் எழுப்பக் கூடாது என்று மட்டும் நிபந்தனை.

சுவர் விழுந்தது. அந்த நிலம் மிட்டே மாவட்டத்தின் கணக்கில் வந்தபோது காலி செய்யச் சொன்னார்கள். பிறகு எல்லைக்கோட்டைத் திருத்தியதில் க்ரொய்ட்ஸ்பெர்க் மாவட்டத்துக்குள் வந்தது, தோட்டமும் நிலைத்தது. கழித்துப் போட்ட பலகை, கதவு, கட்டில் சட்டம் என்று கைக்குக் கிடைத்ததைக் கொண்டு அவர் எழுப்பிய இரண்டு அடுக்குக் குடில் மரத்தைச் சுற்றி நிற்கிறது. 2018இல் அவர் மறைந்தார். நான் போனபோது வேலி ஓரம் அவரைச் செடி முளைத்திருந்தது, திராட்சைக் கொடி பலகைகளின் இடுக்கில் ஏறியிருந்தது. பட்டாவே இல்லாத நிலத்தில் ஒரு மனிதர் பாடுபட்டுச் சம்பாதித்த உரிமை அது. அந்த வேலியை விட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.

நமக்கும் இந்தப் பேட்டைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1980களின் முதல் பாதியில் இலங்கையின் கொடுமையிலிருந்து தப்பிய தமிழர்கள் பலர் விமானம் ஏறிக் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் நிலையத்தில் இறங்கினார்கள். கிழக்கு ஜெர்மனி கடந்து செல்ல அனுமதித்தது. அங்கிருந்து ஃப்ரீட்ரிஷ் தெரு ரயில் நிலையம். கிழக்கின் சோதனைச் சாவடியைத் தாண்டினால் மேற்கு பெர்லினுக்கு ரயில். சுவரை ஓர் எல்லையாகவே மேற்கு ஏற்கவில்லை, அதனால் அந்தப் பக்கம் பாஸ்போர்ட் பார்க்க ஆளில்லை. அங்கிருந்து தெற்கே போகும் சுரங்க ரயிலில் ஏறியவர்கள், கிழக்கு பெர்லினுக்குக் கீழே விளக்கு மங்கிய ஆளில்லாத நிலையங்களை நிற்காமல் கடந்து, முதலில் நிற்கும் மேற்கு நிலையத்துக்கு வந்தார்கள். கோக் தெரு நிலையம். அது க்ரொய்ட்ஸ்பெர்கில் இருக்கிறது. 1985இல் மேற்கின் நெருக்குதலால் கிழக்கு ஜெர்மனி அந்த வழியை அடைத்தது. எத்தனை தமிழ்க் குடும்பங்களின் ஐரோப்பிய வாழ்க்கை அந்த ஒரு படிக்கட்டில் ஏறித் தொடங்கியிருக்கும் என்று நினைத்தபடியேதான் நானும் அதில் ஏறினேன்.

1989க்குப் பிறகு கதை திரும்புகிறது. கடைக்கோடியில் கிடந்த பேட்டை, சுவர் விழுந்ததும் மறுபடி நகர நடுவாகிவிட்டது. உடனே எதுவும் நடந்துவிடவில்லை. 1990களில் ஆலைகள் மூடின, வேலையின்மை பெருகியது. கடனில் மூழ்கிய நகரம் 2004இல் தன் வசமிருந்த வீட்டு வாரியங்களில் ஒன்றைத் தனியார் முதலீட்டு நிறுவனங்களுக்கு விற்றது. சுமார் 65,000 வீடுகள். கிடைத்த தொகை 40 கோடி யூரோவை ஒட்டி. வாங்கியவர்கள் ஏற்ற கடனையும் சேர்த்தால் 200 கோடி. பிறகு அந்த வீடுகள் இன்னும் பெரிய நிறுவனத்தின் கைக்குப் போயின. 2021இல் பெர்லின் நகரம் சுமார் 14,750 வீடுகளைத் திரும்ப வாங்கியது. கொடுத்த விலை 246 கோடி யூரோ. இந்த இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பொதுச் சொத்தை அவசரத்துக்கு விற்கும் அரசு எதுவாக இருந்தாலும் அதன் மேசையில் இந்தக் கணக்கு இருக்க வேண்டும்.

பெர்லின்வாசிகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். 2009க்கும் 2019க்கும் இடையில் புதிதாக வாடகைக்கு வரும் வீடுகளின் விளம்பர வாடகை ஏறத்தாழ இரு மடங்கானது. இதில் வருத்தமான விஷயம், பேட்டையின் கலையே விலையை ஏற்றுவதற்குப் பயன்பட்டது. கூவ்ரி தெருவில் ஸ்பிரே ஆற்றங்கரையில் இரண்டு மாபெரும் சுவரோவியங்கள் இருந்தன. இத்தாலியக் கலைஞர் ப்ளூ 2007, 2008 ஆண்டுகளில் வரைந்தவை. ஒன்றில், இரு கைகளிலும் தங்கக் கடிகாரம் கட்டிய தலையற்ற மனிதன், இரண்டு கடிகாரங்களையும் சங்கிலி இணைத்திருக்கும், விலங்கு மாதிரி. பெர்லினுக்கு வந்தவர்கள் எல்லாரும் அதைப் படம் எடுத்தார்கள். எதிரே கிடந்த காலி மனையில் குடிசை போட்டிருந்தவர்கள் 2014இல் ஒரு தீ விபத்துக்குப் பிறகு வெளியேற்றப்பட்டார்கள். அங்கே கட்டடம் வரவிருந்தது, ஓவியம் தெரியும் சன்னல் கூடுதல் விலைக்குப் போகும். அந்த டிசம்பரில் ஓர் இரவு, கலைஞரின் சம்மதத்தோடு அவருடைய நண்பர்களே இரண்டு ஓவியங்களையும் கறுப்பு வண்ணம் பூசி மறைத்தார்கள். நான் அந்த இடத்தில் நின்று பார்த்தேன். பலர் அதைக் கலைக்குச் செய்த கொலை என்றார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. தன் படைப்பு யாரை விரட்டப் பயன்படும் என்று யோசித்த கலைஞனை நான் வணங்குகிறேன்.

அதே பகுதியில் விராங்கல் தெருவில் ஒரு துருக்கியக் குடும்பத்தின் காய்கறிக் கடை பல்லாண்டுகளாக இருந்தது. 2015இல் கட்டடம் கைமாறியதும் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது. தெருவே திரண்டுவிட்டது. வாரந்தோறும் நூற்றுக்கணக்கானோர் கடை வாசலில் கூடினார்கள். நோட்டீஸ் திரும்பப் பெறப்பட்டது. ஆனாலும் அதற்குப் பிறகு கடை நெடுநாள் நீடிக்கவில்லை. போராட்டம் வென்றும் மனிதர்கள் களைத்துப் போகலாம். மறுபுறம், பழைய மின்துணை நிலையத்தில் வளாகம் அமைக்க வந்த கூகிள் நிறுவனம், இரண்டு ஆண்டு எதிர்ப்புக்குப் பின் 2018 அக்டோபரில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

1891இல் திறந்த ஒன்பதாம் எண் அங்காடிக் கூடத்துக்கும் போனேன். இரும்புத் தூண்களுக்குக் கீழே கைவினை ரொட்டி, பாலாடைக்கட்டி, உலக நாடுகளின் பலகாரம். பயணிக்கு அது சொர்க்கம். 2019இல் அங்கே ஒரு சண்டை நடந்தது. கூடத்துக்குள் இருந்த மலிவு விலைப் பல்பொருள் கடையை எடுத்துவிட நிர்வாகம் முடிவு செய்தபோது அக்கம்பக்கத்தார் தெருவில் இறங்கினார்கள். ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்களும் கேட்டது, பாலும் அரிசியும் எண்ணெயும் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்க வேண்டும் என்பதுதான். நான் சுவைத்துச் சாப்பிட்ட ஒரு தட்டின் விலை அவர்களுடைய ஒரு நாள் சமையல் செலவு. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் கூடம் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது.

கடைசியாகக் கொட்புஸ்ஸர் டோர் சதுக்கம். ஊரார் 'கொட்டி' என்கிறார்கள். 1902இல் ஓடத் தொடங்கிய ரயில் தலைக்கு மேல் தடதடத்துப் போகும், சுற்றிலும் 1970களின் உயர்ந்த அடுக்குமாடிகள். அரசு மானியத்தில் கட்டிய ஏழைகளுக்கான வீடுகள் அவை. மானிய முறையில் ஒரு வினோதம் உண்டு. கட்டிய முதலாளிக்கு அரசு கொடுக்கும் தொகை ஆண்டுதோறும் குறையும், குறைந்த தொகை குடியிருப்பவரின் வாடகையில் ஏறும். ஆக, ஏழைகளுக்குக் கட்டிய வீட்டின் வாடகை சில இடங்களில் வெளிச் சந்தை வாடகையையே எட்டிப் பிடித்தது. 2012 மே மாதம் அந்த மக்கள் சதுக்கத்தில் பலகையால் ஒரு குடில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். முக்காடிட்ட பாட்டிமார்கள், வேலையில்லா இளைஞர்கள், பல்கலைக்கழகம் படித்தவர்கள், எல்லாரும் முறை வைத்து இரவுக் காவல் இருந்தார்கள்.

அந்தக் குடிலில் எனக்குத் தேநீர் கொடுத்தார்கள். இடை சிறுத்த கண்ணாடிக் குவளை, இரண்டு சர்க்கரைக் கட்டி. அங்கிருந்த ஒரு மூதாட்டி தன் பேத்தியை மொழிபெயர்க்கச் சொல்லி என்னைக் கேட்டார்: "உங்கள் ஊரில் வாடகையை யார் முடிவு செய்கிறார்கள்?" வீட்டுக்காரர் சொல்வதுதான் வாடகை என்றேன். பேத்தி சொல்லக் கேட்டு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பைக்குள்ளிருந்து ஓர் உறையை எடுத்து, வாடகை உயர்வுக் கடிதங்களை ஆண்டு வரிசையில் மேசையில் விரித்துக் காட்டினார். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலில் ஒரு கூட்டல் கணக்கு. படிக்காத மனுஷி என்று பேத்தி சொன்னாள். எனக்கு அந்தக் கணக்கில் ஒரு பிழையும் தென்படவில்லை.

பயணிகளாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. குடித்தனம் இருக்க வேண்டிய வீட்டை நாள் வாடகைக்கு விட்டால் கூடுதல் லாபம் என்பதால் எத்தனையோ வீடுகள் அப்படி மாறின. 2014இல் பெர்லின் அதற்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அங்கே போகும் இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: முறையான விடுதியில் தங்குங்கள். செவ்வாயோ வெள்ளியோ கால்வாய்க்கு அக்கரையில் கூடும் துருக்கிச் சந்தையில் காய் வாங்குங்கள். மணிப் பலகைகளைப் படியுங்கள்.

பெர்லின் 2020இல் வாடகைக்கு உச்சவரம்பு விதித்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில், மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று அரசியல் சட்ட நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதே 2021 செப்டம்பர் 26ஆம் தேதி நடந்த வாக்கெடுப்பில், பெரும் வீட்டு நிறுவனங்களின் வீடுகளை இழப்பீடு கொடுத்துப் பொதுவுடைமை ஆக்க வேண்டும் என்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர், 59 சதவீதத்தினர், வாக்களித்தார்கள். அதற்குச் சட்டப்படி தடையில்லை என்று 2023இல் நிபுணர் குழுவின் பெரும்பான்மை சொன்னது. ஆனால் வாக்கெடுப்பு அரசைக் கட்டுப்படுத்தாது என்பதால் காலம் கடந்துகொண்டே போனது. அதனால் அந்த இயக்கத்தினர் அடுத்த முறை வெறும் கோரிக்கையோடு வரப் போவதில்லை. சட்ட முன்வரைவை வரிவரியாகத் தாங்களே எழுதி, அதையே மக்கள் வாக்குக்கு விடும் வேலையில் இறங்கியிருக்கிறார்கள்.